மூன்று நாள் ஸ்டூல்

“எங்க ஸ்கூல்ல தப்பு பண்ணாத்தான் நிக்க வைப்பாங்க. இவங்கல்லாம் இன்னா தப்பு பண்ணாங்க அங்கிள்?”

ஏழு வயது சங்கீதா இதைக் கேட்டது போன தை மாதம், அவளுடைய அப்பா வேலை பார்க்கும் கம்பெனியில், கையில் மைக்கோடு. அன்று அங்கே ‘குடும்ப தினம்’. வருடம் முழுவதும் தொழிலாளியை அவன் குடும்பத்திடமிருந்து பத்திரமாகப் பிரித்து வைத்திருக்கும் கம்பெனி, அன்று ஒரு நாள் மனமிரங்கிக் குடும்பத்தை உள்ளே விடும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மாம்பழ ஜூஸ் டப்பா, ஒரு பலூன். அதற்கு மேல், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, லைனில் வேலை நடப்பதைப் பார்க்கும் பாக்கியம்.

காருக்குள் ஓடும் ஒயர்களை வண்ணம் வண்ணமாகச் சேர்த்து, டேப் சுற்றி, கொத்தாகக் கட்டி அனுப்பும் தொழிற்சாலை அது. காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒயர் கட்டும் பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு லைனுக்கு அறுபது பேர், பெரும்பாலும் பெண்கள், எட்டரை மணி நேரம் அவற்றின் முன்னால் நின்றுகொண்டே இருப்பார்கள். நடுவில் ஒரு சாப்பாடு, இரண்டு டீ. பாத்ரூம் போக வேண்டுமானால் லைன் லீடரிடம் பச்சை அட்டை வாங்க வேண்டும். அட்டை ஒன்றுதான். அவசரம் அறுபது பேருக்கும் ஒரே நேரத்தில் வராது என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. நம்பிக்கையில்தானே எல்லாம் நடக்கிறது.

“என்ன வேணும்னாலும் கேக்கலாம் குட்டீஸ், தைரியமா கேளுங்க!” என்று மைக்கை நீட்டியவர் மனிதவள மேலாளர் தனசேகரன். கார் எவ்வளவு வேகம் போகும் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும் என எதிர்பார்த்திருந்தார். தைரியமாகக் கேள் என்று சொன்னால் பிள்ளைகள் நிஜமாகவே தைரியமாகக் கேட்டுவிடும் என்பது, பாவம், அவர் படித்த மேலாண்மைப் படிப்பில் இல்லை.

முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலியில் இருந்த டைரக்டர் திரும்பிப் பார்த்தார். தனசேகரனின் பல் தெரிந்தது, சிரிப்பு தெரியவில்லை.

“யாரோட குழந்தை இது?” என்று கேட்டார் தனசேகரன்.

சங்கீதாவின் அப்பா கலியாணசுந்தரம் ஆறடி தள்ளித்தான் நின்றார். மைக் ஒயர் யார் காலிலும் சிக்காமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு. ‘என் பிள்ளை சார்’ என்று சொல்ல மூன்றே வார்த்தை போதும். ஆனால் லைன் நான்கின் லீடராக அவருக்குப் பதவி உயர்வு வந்து எட்டே நாள்தான் ஆகியிருந்தது. கழுத்தில் புது அட்டை. அதில் ‘குடும்பத் தலைவர், லைன் 4’ என்று அச்சடித்திருந்தது. லைன் லீடர்களைக் கம்பெனி அப்படித்தான் அன்போடு அழைக்கும். குடும்பத் தலைவர் மைக் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

அந்த நேரம் மங்கையர்க்கரசி குனிந்தாள். லைன் நான்கில் வேலை செய்பவள். ஷிப்ட் முடிந்ததிலிருந்து சங்கீதாவின் கையைப் பிடித்து ஜூஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “மன்னிச்சிருங்க சார், கொயந்த” என்றாள். அவ்வளவுதான். பெற்றவள் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். பெற்றவள் இல்லை என்று தெரிந்த பத்துப் பதினைந்து பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பலூனைப் பார்த்தார்கள்.

தனசேகரன் பிள்ளைக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை மங்கையர்க்கரசியை லைனின் கடைசிப் பலகைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. சுடுகாற்றுத் துப்பாக்கியால் பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி ஒயரோடு ஒட்டவைக்கும் இடம். ஃபேன் காற்று அங்கே எட்டாது. எட்டினால் குழாய் ஒட்டாது. உத்தரவை அவளிடம் சொல்ல வேண்டியது லைன் லீடர். குடும்பத் தலைவர் போய்ச் சொன்னார்.

“சரிங்கணா” என்றாள் அவள். “பாப்பா அந்த சாக்லேட்ட தின்னுச்சா?”

தின்றது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரு ‘தாங்ஸ்’ சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தார். பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். பங்குனி உத்திரத்தன்று கோவிலில் பார்த்தால் சொல்லலாம் என்று நினைத்தார். பார்த்தார், அவள் புருஷன் கூட இருந்தான். ஒரு நன்றி சொல்வதற்கு நல்ல நாள் பார்க்கத் தொடங்கினால் பஞ்சாங்கமே தீர்ந்துவிடும்.

கலியாணசுந்தரம் கெட்டவர் இல்லை. பிள்ளையார்பாளையத்துக்காரர். அவருடைய அப்பா குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு ஐம்பது வருடம் உட்கார்ந்தே வேலை செய்தார். யாரும் அவரைச் சோம்பேறி என்று சொன்னதில்லை. பட்டும் அவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று கோபித்துக்கொண்டு நெய்யாமல் போனதில்லை. அப்படிப்பட்டவரின் மகனிடம் கம்பெனி இன்டர்வியூவில் கேட்ட முதல் கேள்வி, “எவ்ளோ நேரம் நிப்பீங்க?” அவரும், “நீங்க உக்காருன்னு சொல்ற வரைக்கும் சார்” என்றார். பதினோரு வருடம் ஆகிறது. யாரும் இன்னும் சொல்லவில்லை.

இந்த ஊரில் தெய்வங்களுக்கே இந்த விஷயத்தில் சலுகை உண்டு. உலகளந்த பெருமாள் நிற்கிறார். பாண்டவ தூதர் உட்கார்ந்திருக்கிறார். யதோக்தகாரி படுத்தே இருக்கிறார். அதற்காக யாரும் அவருக்குப் படியளப்பதை நிறுத்திவிடவில்லை. காமாட்சியம்மன் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை ஆள்கிறாள். லைன் நான்கில் மட்டும் நின்ற கோலம் ஒன்றுதான் ஆகம விதி.

ஸ்டூல் இல்லாமல் இல்லை. ஸ்டோரில் அறுபது ஸ்டூல் இருந்தன. தார்ப்பாய் போட்டு மூடி, தூசு படாமல், மனிதர் படாமல். கார் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வரும் அன்று மட்டும் அவை லைனுக்கு வரும். வந்தவர்கள் பார்த்துவிட்டு, ‘தொழிலாளர் வசதி: நன்று’ என்று டிக் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் ஸ்டூல்கள் மறுபடியும் தார்ப்பாய்க்குள் போய்விடும். உற்சவருக்குக்கூட அவ்வளவு ஒழுங்காகப் புறப்பாடும் திரும்புதலும் நடப்பதில்லை.

சித்திரையில் சங்கம் ஆரம்பித்தது. ஆரம்பித்தவன் லைன் நான்கின் இளவரசன், தென்னேரிக்காரன், ஏரிப் பாசனத்தில் தண்ணீர் முறைக்குச் சண்டை போட்டு வளர்ந்த குடும்பம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சங்க ஆபீஸ். முதல் வாரம் பதினாறு கையெழுத்து, மூன்றாம் வாரம் இருநூறு. கோரிக்கை நான்கு. முதல் கோரிக்கை: உட்கார ஸ்டூல்.

நிர்வாகம் மிகவும் வருத்தப்பட்டது. குடும்பத்துக்குள் சங்கம் எதற்கு என்று தனசேகரன் கண் கலங்கக் கேட்டார். சங்கத்துக்குப் பதிலாக ‘அன்புக் குழு’ ஒன்றை அமைத்தார். அதன் முதல் கூட்டத்தில் கேக் வெட்டினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் ‘அன்புப் பெட்டி’யும் வைத்தார்கள், குறைகளை எழுதிப் போட. அதற்கு ஒரு நல்ல பூட்டு. சாவி எங்கே என்று அன்புக் குழுவுக்கே தெரியாது.

ஒரு சாயங்காலம் பஸ்ஸில் இளவரசன் கலியாணசுந்தரத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“தலைவரே, எல்லாரும் சைன் போட்டாங்க. உங்களுது மட்டும் காலியா இருக்குது.”

“எனக்கு இன்னாத்துக்குப்பா அதெல்லாம். நான் லீடரு.”

“கரெக்டுதான். லீடருக்குக் காலு வலிக்காது.”

“வலிக்கும்பா. இன்னா பண்றது, வயித்துப் பொழப்பு.”

“வலிக்குதுன்னு ஒத்துக்கினீங்களே, அதுவே போதும் தலைவரே. சுத்துற சேரு ரெடி ஆயிக்கினு இருக்குதாமே உங்களுக்கு? வந்தா சொல்லுங்க, ஒரு நாள் வந்து நானும் ஒரு சுத்து சுத்திப் பாக்கறேன்.”

முன் சீட்டில் பெண்கள் சிரித்தார்கள். கலியாணசுந்தரம் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப முக்கியமாக எதையோ பார்த்தார்.

சுற்றுகிற சேர் உண்மைதான். உதவி சூப்பர்வைசர் இடம் ஒன்று காலி. அந்தப் பதவிக்கு நாற்காலி உண்டு. சக்கரம் வைத்தது, முதுகுக்கு வலை பின்னியது. அதைத் தனசேகரன் தன் அறை மூலையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வைத்திருந்தார். கலியாணசுந்தரம் அறைக்குள் போகும்போதெல்லாம், “உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கு ப்ரதர்” என்பார். அவருக்கு எல்லோரும் ப்ரதர், சிஸ்டர்தான். சம்பளப் பேச்சு வந்தால் மட்டும் உறவு அறுந்து ‘மிஸ்டர்’ ஆகிவிடுவார்கள்.

வைகாசியில் ஆய்வு வந்தது. கார் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாளும் ஓர் உதவியாளரும். காலை ஏழு மணிக்கே அறுபது ஸ்டூலும் லைன் நான்கில் வந்து உட்கார்ந்தன. பத்து மணிக்கு அந்த அம்மாள் வர வேண்டும், பன்னிரண்டுக்குப் போக வேண்டும், ஒன்றரைக்கு ஸ்டூல் தார்ப்பாய்க்குள் போக வேண்டும். எல்லாம் சரியாகத் திட்டமிட்டிருந்த தனசேகரன் ஒரே ஒரு தப்புப் பண்ணினார். அன்று கருட சேவை. விருந்தாளிகளுக்கு உள்ளூர்ப் பண்பாட்டைக் காட்டினால் ஆய்வில் மதிப்பெண் கூடும் என்று, அவர்களை விடிகாலையிலேயே காஞ்சிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வெளியூர்க்காரர்தான் செய்யக்கூடிய தப்பு. கருட சேவையன்று வரதர் வீதிக்கு வந்தபின் ஊரில் எந்த வண்டியும் நகராது என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பெரிய குடைகள் ஆடி ஆடி வர, பெருமாள் கருடன்மேல் வர, லட்சம் ஜனம் கை தூக்க, அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கார் காந்தி ரோட்டில் மத்தியானம் மூன்றரை வரை சிக்கிக்கொண்டது. கம்பெனிக்கு வந்து சேரும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. “நாளைக்குப் பார்க்கிறேன்” என்றாள். மறுநாள் பாதி ஆய்வு நடந்தது. நடுவில், முதல் நாள் ஆசையாகச் சாப்பிட்ட நான்கு கோவில் இட்லி வயிற்றுக்குள் தன் வேலையைக் காட்டியது. மீதி மூன்றாம் நாள். அத்தி வரதரை நாற்பது வருடம் தண்ணீருக்குள் வைத்துக் காப்பாற்றிய ஊரில், பெருமாள் ஒரு ஸ்டூலை மூன்று நாள் வெளியே வைக்க வழி பண்ணினார் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மூன்று நாள் லைன் நான்கு உட்கார்ந்து வேலை செய்தது.

வானம் இடிந்து விழவில்லை. முதல் நாள் எல்லோரும் ஸ்டூல் நுனியில், கல்யாண வீட்டில் தெரியாதவர் பந்தியில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் நன்றாகவே உட்கார்ந்தார்கள். ஒரு ஷிப்டுக்கு நானூற்றுப் பத்துப் பலகை போகும் லைனில் நானூற்று முப்பத்தொன்று போனது. தப்பாகக் கட்டித் திரும்பி வருவது பாதியாகக் குறைந்தது. அந்த எண்களை வெள்ளைப் பலகையில் தன் கையாலேயே எழுதினார் கலியாணசுந்தரம். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தறியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. உடனே பச்சை அட்டை எங்கே என்று தேடப் போய்விட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் மங்கையர்க்கரசி குனிந்து தன் காலைத் தொட்டுப் பார்த்துப் பக்கத்துப் பெண்ணிடம் காட்டினாள். கணுக்கால் எலும்பு தெரிந்தது. நாலு வருடமாக வீக்கத்துக்குள் இருந்த எலும்பு.

நாலாம் நாள் வெள்ளைக்கார அம்மாள் விமானம் ஏறினாள். காலை ஒன்பதரைக்கு ஸ்டோர் ஆட்கள் இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். கடைசிப் பலகையிலிருந்து ஆரம்பித்தார்கள். அங்கே மங்கையர்க்கரசி.

“யக்கா, எழுந்துக்கோ. ஸ்டூலு எடுக்கணும்.”

“எதுக்குப்பா?”

“ஆடிட்டுக்கு வந்தவங்க போயிட்டாங்கக்கா.”

“அவங்க பாக்கறதுக்குத்தான் உக்கார வெச்சீங்களா? நான் இன்னாமோ எனுக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாள் அவள். கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. “நீ போப்பா. எனுக்கு வேல கெடக்குது.”

ஸ்டோர்க்காரன் அடுத்த ஸ்டூலுக்குப் போனான். அவளும் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்தவளும் இல்லை. வண்டி வந்தபடியே காலியாகத் திரும்பியது. கோஷம் இல்லை, கொடி இல்லை. இளவரசன் முன்னால் வந்து ஏதாவது முழக்கம் போட வாயைத் திறந்தான். பக்கத்திலிருந்த பெண், “சும்மா இருடா, கை ஓடிக்கினு இருக்குது” என்று அடக்கினாள்.

தனசேகரன் ஓடிவந்தார். “சிஸ்டர்ஸ், இது ஸ்ட்ரைக் மாதிரி ஆகிடும்” என்றார்.

“வேல செஞ்சிக்கினுதான் சார் இருக்கோம்” என்றது ஒரு குரல்.

அதுதான் பிரச்சினை. வேலை செய்யவில்லை என்றால் சம்பளத்தைப் பிடிக்கலாம், போலீஸைக் கூப்பிடலாம், பேப்பரில் கொடுக்கலாம். வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள், நேற்றைவிட அதிகமாகச் செய்கிறார்கள் என்று யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? மத்தியானத்துக்குள் லைன் ஒன்று, இரண்டு, மூன்றிலும் விஷயம் பரவியது. அங்கே ஸ்டூல் இல்லை. ஒயர் வந்த பிளாஸ்டிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று மணிக்குக் கலியாணசுந்தரத்துக்கு அழைப்பு வந்தது. தனசேகரன் ஒரு தாளை நீட்டினார். கீழே டைரக்டர் கையெழுத்து போட்டாகிவிட்டது.

“இருநூறு பேரையும் தூக்க முடியாது ப்ரதர், ஆர்டர் போயிடும். ஒரு ஆள் போதும். மத்தவங்க தானா எழுந்திருவாங்க.”

தாளில் இருந்தது மங்கையர்க்கரசியின் பெயர். குற்றச்சாட்டு இரண்டு. இரண்டாவது, ஸ்டூலைத் தர மறுத்தது. முதலாவது, குடும்ப தினத்தன்று ‘தன் மகளுக்கு முன்கூட்டியே பயிற்சி அளித்து, மேடையில் நிர்வாகத்தை இழிவுபடுத்தும் கேள்வியைக் கேட்க வைத்தது.’

“இது எதுக்கு சார் இப்போ?” என்றார் கலியாணசுந்தரம்.

“அதுதான் மெயினே. ஸ்டூல் மேட்டர் எல்லாரும் பண்ணது. ஜனவரியிலயே பிளான் பண்ணா, பெத்த குழந்தையவே யூஸ் பண்ணான்னு காட்டினாத்தான் கேஸ் நிக்கும். அது இல்லன்னா இந்தப் பேப்பர் வெறும் பேப்பர். லைன் லீடர் நீங்க, நேர்ல பாத்த சாட்சி. சைன் பண்ணி நாளைக்குக் காலைல என் டேபிள்ல வெச்சிடுங்க. பத்து மணிக்கு ஹெட் ஆபீஸ் போகுது.” பிறகு மூலையைக் காட்டினார். “அப்படியே உங்க சேரையும் தள்ளிட்டுப் போங்க.”

மங்கையர்க்கரசிக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடம். அதற்காக அவள் ஏகாம்பரநாதர் கோவில் மாமரத்தைச் சுற்றாத வெள்ளிக்கிழமை இல்லை. தினமும் குடும்பம் குடும்பம் என்று உருகுகிற மனிதர், அவளுடைய இன்சூரன்ஸ் படிவத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் ‘குழந்தைகள்: இல்லை’ என்று அவள் கையெழுத்திலேயே இருந்திருக்கும். ஆனால் குடும்பத்தைப் பற்றிப் பேசுவதற்கே நேரம் போதாதபோது, குடும்பத்தைப் பார்க்க நேரம் எங்கே?

தாளை நாலாக மடித்து, டிபன் கேரியர் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். உட்கார இடமில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது.

“அண்ணா, இங்க வாங்க. எடம் இருக்குது.”

மங்கையர்க்கரசி மடியிலிருந்த பையை நகர்த்தி இடம் பண்ணினாள். மறுக்க முடியாமல் உட்கார்ந்தார். பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியது.

“என்ன தூக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. நெஜமாணா?”

அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “தெரிலமா.”

“போனாப் போவுதுணா. எங்க வூட்டுக்காரு பெயின்ட் வேலைக்குப் போறாரு, கஞ்சியோ கூழோ குடிச்சிக்கினு ஓட்டிருவோம். ஒண்ணே ஒண்ணு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “விசாரண கிசாரணன்னு வந்தா, பாப்பா பேர மட்டும் யாரும் இழுக்கக் கூடாது. கேக்கக் கூடாதத அது ஒண்ணும் கேக்கல. நீங்களும் அத திட்டிடாதீங்க. கேள்வி கேக்கற புள்ளைய திட்டினா அப்பால அது கேக்கறதயே வுட்டுடும்.”

“எங்கூட்டு பாப்பாவப் பத்தி நீ...” என்று ஆரம்பித்தார். ஐந்து மாதமாகத் திட்டிக்கொண்டுதான் இருந்தார். சங்கீதா இப்போதெல்லாம் வீட்டில் எதையும் கேட்பதில்லை. நல்ல பிள்ளை ஆகிவிட்டாள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னா படிக்குதுணா இப்ப?”

“மூணாவது போவப் போவுது.”

“பாரேன்! நேத்துதான் இடுப்புல தூக்கி வெச்ச மாதிரி இருக்குது.” அவள் சிரித்தாள். “கனம்ணா உங்க பொண்ணு. நல்லா ஊட்டறீங்க.”

காமாட்சியம்மன் கோவில் பக்கம் இறங்கினார். வழக்கமாக வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போகிறவர் அன்று உள்ளே போனார். ஒரு வழி காட்டும்மா என்று கேட்டார். வழி பஸ்ஸிலேயே காட்டியாகிவிட்டது. அதைவிடக் கொஞ்சம் செலவு குறைவான வழி இருக்கிறதா என்றுதான் கேட்டார். அம்மன் உட்கார்ந்திருந்தாள், கையில் கரும்போடு. குருக்கள் குங்குமம் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சங்கீதா தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா வந்ததைப் பார்த்ததும் பயந்து, நோட்டை மூடி எழுந்து நின்றாள்.

“உக்காரும்மா” என்றார். “உக்காந்தே எழுது.”

அவள் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். ஆறரை மணிக்குத் தனசேகரனின் அறையைத் துடைப்பதற்காகத் திறந்துவைத்துவிட்டுத் துப்புரவுக்காரம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அறையில் யாரும் இல்லை. லைனில் யாரும் இல்லை. ஸ்டூல்கள் மட்டும் வரிசையாக, இரவு முழுவதும் காவல் இருந்தவை போல, பலகைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தன. தினமும் நிற்கும் மனிதர்களைப் போல அவற்றுக்கும் நிற்பது பழகியிருக்கும்.

மேசைமேல் தாளைப் பிரித்து வைத்தார். நின்றுகொண்டே எழுதப் பார்த்தார். எழுதுவதற்கு உட்கார வேண்டியிருந்தது. மூலையிலிருந்த நாற்காலியை இழுத்து, உறையோடு அதன்மேல் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் கிறீச்சென்றது. நல்ல நாற்காலிதான்; முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது.

‘தன் மகளுக்கு’ என்ற இடத்தை ஒரு கோட்டால் அடித்தார். சாட்சி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை காப்பி எழுதுவதுபோல, நிதானமாக எழுதினார்.

‘மங்கையர்க்கரசி அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவர் இன்சூரன்ஸ் படிவத்தில் பார்க்கவும். அந்தக் குழந்தை சங்கீதா, என் மகள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகத்தான் கேட்டாள். அன்றைக்கே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். கேள்வியும் சரியான கேள்விதான்.’

பெயர் எழுதி, அப்பா பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டார். ‘குடும்பத் தலைவர், லைன் 4’ என்ற அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றித் தாள்மேல், ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க, வைத்தார். எழுந்து, நாற்காலி உறையில் விழுந்த சுருக்கத்தைக் கையால் தடவிச் சரி செய்து, மூலைக்குத் தள்ளினார்.

வாளியில் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.